பறக்கவில்லை என்றால் பயப்படவில்லை என்று யார் சொன்னது?

மறுபடியும் ஒரு பவளக்கால் உள்ளான் (நீண்ட கால் நீர்ப்பறவை) எங்கள் சிகிச்சை மேசைக்கு வந்திருக்கிறது. இன்னும் சரியாகப் பறக்கப் பழகாத இளம் பறவை. எலும்பு முறிவு இல்லை, காயம் இல்லை, ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. கொண்டுவந்தவர் தோளில் கேமரா. கிட்டத்தில் படம் எடுக்கச் சேற்றில் அதன் பின்னாலேயே போயிருக்கிறார். "அது பறக்கவே இல்லைங்க, பயப்படலைன்னு நெனச்சேன்" என்கிறார். நீண்ட கால் பறவைகளைத் துரத்தினால் தசை நாசமாகிக் கால் செயலிழந்துவிடும் (கேப்ச்சர் மயோபதி என்போம், பூநாரையைப் பிடிக்க நாங்களே தயங்குவது இதனால்தான்). பெரும்பாலும் தேறாது.

அந்த 'பறக்கவே இல்லை'யைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பறப்பதுதான் பறவை கடைசியாகச் செய்வது. அதற்கு வெகு முன்பே இரை தேடுவதை நிறுத்தும், கழுத்தை நீட்டும், இறகெல்லாம் உடம்போடு ஒட்டி ஒல்லியாகத் தெரியும். அந்த நிமிர்ந்த கழுத்தைத்தான் நாம் 'என்ன கம்பீரம்' என்று படம் போட்டுத் தள்ளுகிறோம். அடைகாக்கும் பறவை முட்டையை விட்டுப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும், குஞ்சுக்கோ பறக்கவே தெரியாது, இரண்டும் உங்கள் கணக்கில் 'பழகின பறவை'! உள்ளான் சிறகு ஒடிந்ததுபோல் தரையில் புரள்வதை 'நடனம்' என்று தலைப்பிட்டுப் போடுகிறார்கள். கூட்டுப் பக்கம் போகாமல் உங்களை இழுக்க அது நடிக்கிறது, ஐயா. அதே நேரம் அதன் அபாயக் குரல் கேட்ட குஞ்சுகள் மண் நிறத்தில் தரையோடு தரையாய் அசையாமல் கிடக்கும். அடுத்த அடியை எங்கே வைப்பீர்கள்?

வெயில் ஏறியதும் இந்த உள்ளான் தண்ணீரில் இறங்கி வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நடந்து வந்து, நான்கு முட்டைகள் மேல் மெல்ல அமரும். முட்டை சூடேறாமல் இருக்கத்தான் இவ்வளவும். தண்ணீருக்கும் கூட்டுக்கும் நடுவே ட்ரைபாட்டை நட்டு நின்றால் அது எப்படி வரும்? காகம் மட்டும் வரும்.

சரி, எப்படித்தான் எடுப்பது? விடிவதற்கு முன்பே மறைவிடத்தில் போய் உட்காருங்கள். பறவை தானாக உங்கள் பக்கம் மேய்ந்து வரட்டும். வெள்ளைக் கொக்குக்கு எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் வெளிச்சத்தை) கொஞ்சம் குறையுங்கள், இறகு வெளுத்துப்போகாது. கழுத்து நீண்டால் அப்படியே நில்லுங்கள், மேய்ச்சல் தொடரவில்லை என்றால் பின்வாங்குங்கள். ட்ரோன் கூடவே கூடாது. பூநாரை ஒரு தடவைக்கு இடுவதே ஒரு முட்டை. கூட்டம் மிரண்டு எழுந்தால் அதுவும் உருண்டுவிடும். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு போடாதீர்கள், தயவுசெய்து. உங்களுக்கு ஒரு படம் கிடைத்தது, அங்கே அடுத்து ஐம்பது பேர் வருவார்கள்.

அப்புறம், கூட்டு மரத்தடியில் நாரைக் குஞ்சு விழுந்து கிடந்தால் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். மிரண்ட குஞ்சு தின்ற மீனைக் கக்கும், அதைத் திரும்ப ஊட்டவும் வேண்டாம். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, சரணாலய ஊழியரைக் கூப்பிடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் பெட்டியைத் திறந்து செல்ஃபி எடுக்காதீர்கள்.