வேலியில் ஏன் இத்தனை ஓட்டை?

தூசி பறக்காமல் இருக்க நிலக்கரி யார்டைச் சுற்றிப் போடும் காற்றுத்தடுப்பு வேலியில் பாதிக்குப் பாதி ஓட்டையாக இருக்கிறதே, ஒழுங்காகச் சுவரே கட்டினால் என்ன என்று ராயபுரம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளுவதை உயர் நீதிமன்றம் 2011-இல் நிறுத்தச் சொன்னதே இந்தத் தூசியால்தான். அந்தப் பக்கத்துக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான்.

நுரையீரல் வரை போகும் தூசி 10 மைக்ரானுக்கும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) சின்னது. அதைக் காற்று நேரடியாகக் கிளப்புவது ரொம்பக் கஷ்டம். எடை குறைவுதான், ஆனால் ஒட்டிக்கொள்ளும் விசை அதைவிடப் பல மடங்கு. போதாததற்குப் பெரிய துகள்களின் இடுக்கில் வேறு ஒளிந்திருக்கும். 1930களில் காற்றுச் சுரங்கம் (செயற்கையாகக் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் கூண்டு) வைத்து மணலை ஆராய்ந்த பேக்னால்ட், சிறு கூழாங்கல்லையே நகர்த்தும் காற்றிலும், சமதளமாகப் பரப்பிய சிமெண்ட் தூள் அசையாததைப் பார்த்தார்!

அப்படியானால் தூசியை யார் கிளப்புகிறார்கள்? 0.1 மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும் துகள்கள். காற்றுக்கு முதலில் அசைபவை இவைதான். உருண்டு, சட்டென்று எம்பி, மேலே வேகமான காற்றைப் பிடித்து, சாய்வாக வந்து மோதும். மோதிய இடத்தில் இன்னும் சில துகள்கள் எம்பும், ஒட்டிக்கிடந்த மென்தூசியும் பிய்த்துக்கொண்டு பறக்கும். சில நொடிகளில் குவியல் முழுக்க இதே துள்ளல்தான். எனக்கு இயற்பியலிலேயே மிகப் பிடித்த காட்சிகளில் இது ஒன்று.

பேக்னால்ட் கணக்குப்படி இந்தத் துள்ளல் காற்றின் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடும். வேகம் பாதியானால் துள்ளல் எட்டில் ஒரு பங்குதான், இன்னும் குறைந்தால் அடியோடு நின்றுவிடும். ஆக, வேலியின் வேலை தூசியை வடிகட்டுவதில்லை, காற்றை மட்டுப்படுத்துவது. முழுச் சுவர் என்றால் காற்று மேலே ஏறிக் குதித்து, பின்பக்கம் சுழன்று வந்து குவியலையே சுரண்டும். ஓட்டை வழியாகக் கொஞ்சம் கசியவிட்டால் அந்தச் சுழல் அடங்கிவிடும்.

சரி, தண்ணீர்? துகள்களுக்கு நடுவே ஈரம் பாலமாக நின்று இழுத்துப் பிடிக்கும், துள்ள விடாது. ஆனால் நிலக்கரி தண்ணீரை எளிதில் ஏற்காது, துளி முத்தாக உருண்டு நிற்கும். அதனால்தான் சோப்பு வகை வேதிப்பொருள் கலந்து தெளிப்பது. மே மாத வெயிலில் அதுவும் சீக்கிரம் காய்ந்துவிடும். லாரி லாரியாகத் தண்ணீருக்குச் செலவழிக்கிறோம், நம் கடற்காற்றுக்கு எந்த வேலி எங்கே நிற்க வேண்டும் என்று காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆய்வுக்கு அதில் ஒரு சிறு பங்காவது ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கிளறாமல் கிடக்கும் குவியலுக்கு மேலே பசை தெளித்து ஓடு கட்ட வைக்கலாம். பொக்லைன் அள்ளும் முகப்பில் அந்த ஓடு உடைந்துகொண்டே இருக்கும், அங்கே அள்ளும்போதே தெளித்தால்தான் உண்டு.