தனக்குத்தானே அணை கட்டிக்கொள்ளும் ஆறு

அருவி என்பது தன் பாறையை அரித்துக்கொண்டே பின்வாங்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். நயாகரா இன்றும் அப்படித்தான் பின்வாங்குகிறது. அப்படியிருக்க, குரோவேஷியாவின் கிர்கா ஆற்றில் உள்ள அருவிகள் ஆண்டுதோறும் வளர்கின்றன என்பது எப்படிப் பொருந்தும் என வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். விடை அந்த ஆறு ஓடும் நிலத்தில் இருக்கிறது.

அட்ரியாட்டிக் கடலோரத்தில், டால்மேஷியாவின் நடுப்பகுதியில், ஏறத்தாழ 3,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருப்பது ஷிபெனிக்-க்னின் மாவட்டம். அதன் கிழக்கு எல்லையில் டினாரா மலை 1,831 மீட்டர் உயரத்துக்கு எழுகிறது. குரோவேஷியாவில் அதைவிட உயரமான இடம் இல்லை. மலையடியில் கோட்டை நகரமான க்னின், உள்நாட்டில் திர்னிஷ், கடலோரத்தில் வொதிட்சே, ப்ரிமோஷ்டென், மாவட்டத் தலைநகரான ஷிபெனிக், கரைக்கு அப்பால் மொட்டைப் பாறைகளாகக் கோர்னாட்டி தீவுகள். இவை அனைத்தும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமர்ந்திருக்கின்றன. ப்ரிமோஷ்டென் உழவர்கள் திராட்சை நடுவதற்காகப் பொறுக்கிய கற்களைக் கொண்டே சிறுசிறு கட்டங்களாகச் சுவர் எழுப்பி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சில கொடிகளை மட்டும் வளர்த்தார்கள் என்றால், அங்கே மண் எவ்வளவு அரிது என்பது விளங்கும்.

இத்தகைய நிலத்தில் மழைநீர் மேலே ஓடாமல் விரிசல்கள் வழியே உள்ளே இறங்குகிறது. மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சால், அங்குள்ள காற்றில் கரியமிலவாயு வெளிக்காற்றைவிடப் பன்மடங்கு மிகுந்திருக்கும். அதைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகும் நீர், போகும் வழியெல்லாம் சுண்ணாம்புக்கல்லைக் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைத்து எடுத்துச் செல்கிறது. க்னின் அருகே ஊற்றாகப் பொங்கி 70 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடிக் கடல் சேரும் கிர்கா, இவ்வாறு கண்ணுக்குத் தெரியாத கல்லைச் சுமந்துகொண்டே புறப்படுகிறது.

திறந்த வெளிக்கு வந்ததும் கணக்கு தலைகீழாகிறது. நீரில் மிகுதியாக உள்ள கரியமிலவாயு காற்றுக்குத் தப்பிச் செல்ல, கரைந்திருந்த சுண்ணாம்பு கரைந்த நிலையில் நீடிக்க முடியாமல் திண்மமாக வெளிப்படுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவும் இதே வினைதான். அங்கே வாயுவை விரட்டுவது வெப்பம், இங்கே விரட்டுவது நீர் சிதறும் வேகம். அமைதியாக ஓடும் இடத்தில் வாயு மெதுவாகவே வெளியேறும். ஒரு கல்லிலோ விழுந்த மரத்திலோ மோதி நுரைக்கும் இடத்தில் விரைந்து வெளியேறும். ஆகவே, எங்கே தடை இருக்கிறதோ அங்கேதான் படிவும் மிகுதி. படிவு தடையை உயர்த்துகிறது, உயர்ந்த தடை நீரை மேலும் சிதறடிக்கிறது, சிதறல் மேலும் படியவைக்கிறது.

ஆயினும் வேதியியல் மட்டும் இந்த அணையைக் கட்டுவதில்லை, சிறு தண்டும் இலையும் கொண்ட பாசியும் (மாஸ்) சேர்ந்தே கட்டுகிறது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் மிக அழகிய பகுதி இதுவே. அருவி முகப்பின் பச்சை மெத்தையில் ஒரு தண்டை மட்டும் உற்றுப் பாருங்கள். அதன் நுனி பசுமையாக மேல்நோக்கி நீள்கிறது. ஒரு விரற்கடை கீழே இலைகளின் மேல் சாம்பல் நிற மாவு ஒட்டியிருக்கிறது. அதற்கும் கீழே தண்டு முழுவதும் கல்லுறைக்குள் புதைந்திருக்கிறது. அதன் மேல் வாழும் நீலப்பச்சைப் பாசிகளும் டயாட்டம்கள் என்னும் ஒற்றைச்செல் நுண்பாசிகளும் சுரக்கும் வழவழப்பான பசை நுண்படிகங்களைப் பிடித்து வைக்க, அவற்றின் ஒளிச்சேர்க்கை நீரிலிருந்து இன்னும் கொஞ்சம் கரியமிலவாயுவை எடுத்துக்கொள்கிறது. புதையாமல் தப்ப வேண்டுமானால் பாசி படிவைவிட வேகமாக வளர்ந்தாக வேண்டும். கீழே மடிந்த தண்டு மட்கிய பின் கல்லில் நுண்குழாய்கள் எஞ்சுகின்றன. டூஃபா எனப்படும் இந்தக் கல் கடற்பஞ்சு போல் துளைகள் நிறைந்து இருப்பதற்குக் காரணம் இதுவே. இதைப் புனித நீரின் அற்புதம் என்று தலைப்பிட்டுக் காணொளி பரப்புவோர், அற்புதத்தின் பெரும்பகுதியைத் தவறவிடுகிறார்கள்.

இப்படி எழுந்த தடைகளில் பெரியது ஸ்க்ரதின்ஸ்கி புக். 17 படிகளாக, மொத்தம் சுமார் 46 மீட்டர் இறங்கும் அந்த அருவியே அணையாக நின்று, துறவியர் மடம் உள்ள தீவைத் தாங்கும் விசோவாட்ஸ் ஏரியைத் தேக்கி வைத்திருக்கிறது. கீழே ஸ்க்ரதின் நகரைத் தாண்டினால் காட்சி வேறு: பனியூழி முடிந்து கடல் உயர்ந்தபோது மூழ்கிய பள்ளத்தாக்கு அது; கப்பல்கள் அதன் முகவாயில் நுழைந்தே ஷிபெனிக்கை அடைகின்றன. ஸ்க்ரதின்ஸ்கி புக்கின் வீழ்ச்சியைப் பயன்படுத்திய யருகா நீர்மின் நிலையம் 1895 ஆகஸ்ட் 28 அன்று இயங்கி, மாறுதிசை மின்சாரத்தால் ஷிபெனிக் தெருக்களுக்கு விளக்கேற்றியது.

டூஃபா உருவாக நீர் தூய்மையாக இருக்க வேண்டும். பாஸ்பேட்டும் கரைந்த கரிமப் பொருள்களும் படிகத்தின் பரப்பில் ஒட்டிக்கொண்டு அதன் வளர்ச்சியைத் தடுக்கின்றன. சோப்பும் உரமும் கழிவும் கலந்த ஆற்றில் அணை வளராது, அரிப்பே வெல்லும். 1985இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்கு மேலேயே க்னின் இருக்கிறது. அந்நகரின் கழிவுநீர் கலக்கும் இடத்தில் உள்ள மீன்களின் உடலில் சேரும் உலோகங்களைச் சாக்ரெப் நகரின் ருஜெர் போஷ்கோவிச் நிறுவனத்தினர் ஆராய்ந்திருக்கிறார்கள். மில்லிமீட்டர்களில் வளரும் கல்லையும் மீனின் ஈரலையும் பல ஆண்டுகள் அளந்துகொண்டிருப்பது செய்தித்தாள் தலைப்புக்கு உதவாத வேலை. மூன்றாண்டுத் திட்டங்களுக்கு மட்டுமே பணம் தரும் இன்றைய வழக்கத்தில் முதலில் வெட்டப்படுவதும் இத்தகைய வேலையே என்பது என் மனக்குறை. பூங்கா நிர்வாகமோ தன் பங்குக்கு, வேர்களால் டூஃபாவைப் பிளக்கும் ஆசியாவிலிருந்து வந்த ஐலாந்தஸ் மரங்களை அகற்றி வருகிறது. ஸ்க்ரதின்ஸ்கி புக்கில் நீந்துவதும் 2021 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.