எரிவதில் முந்தி, உறைவதிலும் முந்தி

லடாக்கின் குளிர்காலக் காலைகளில் லாரியின் டீசல் டாங்க்குக்கு அடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்து வைப்பது ஓட்டுநர்களின் பழைய வழக்கம். பார்க்கிறவருக்கு அடிவயிறு கலங்கும். ஆனால் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் இரவெல்லாம் நின்ற வண்டிக்குள் இருப்பது டீசல் இல்லை, கூழ். அதை இளக்கினால்தான் வண்டி நகரும்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அந்த எண்ணெய் வெள்ளையாகக் கட்டிவிடும். டீசலும் அப்படித்தான் என்றாலும் ஒரு வித்தியாசம் உண்டு. தேங்காய் எண்ணெய் பெரும்பாலும் மொத்தமாக உறைகிறது. டீசலிலோ சிறு பங்கு உறைந்து மீதியைச் சிறைப்பிடித்துவிடுகிறது.

அந்தச் சிறு பங்குதான் பாரஃபின். டீசல் என்பது நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் கிளையே இல்லாமல் நேராக நீண்ட கார்பன் சங்கிலிகளும் உண்டு. மெழுகுவர்த்தி மெழுகும் இதே குடும்பம்தான், சங்கிலி மட்டும் இன்னும் நீளம். நேரான சங்கிலிகள் விறகுக் கட்டுபோல நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும் என்பதால் எளிதில் உறையும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டீசல் எஞ்சினுக்கு மிகவும் பிடித்ததும் இந்த நேர்ச்சங்கிலிகள்தான். தீப்பொறி இல்லாமல், அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே சட்டென்று பற்றிக்கொள்வதில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. டீசலின் தரத்தைச் சொல்லும் 'சீட்டேன் எண்' என்ற அளவுகோலே அவற்றில் ஒன்றின் பெயரால் வந்தது. 16 கார்பன் கொண்ட சீட்டேனுக்கு 100 மதிப்பெண். அந்த முதல் மாணவன் தனியாக இருந்தால் 18 டிகிரியிலேயே கட்டியாகிவிடுவான். ஊட்டியின் சாதாரண மாலைக்கே தாக்குப்பிடிக்க மாட்டான். 20 கார்பன் உள்ளவனோ ஏறத்தாழ 37 டிகிரி வரை திடப்பொருள். கலவையில் உள்ள மற்றவர்கள் கரைத்து வைத்திருப்பதால்தான் இவர்கள் திரவமாக இருக்கிறார்கள். குளிர் ஏற ஏற அந்தக் கரைக்கும் சக்தி குறைந்து, மெழுகு படிகமாக வெளியே வருகிறது.

முதலில் டீசல் கலங்கி மங்குகிறது. இன்னும் குளிர்ந்தால் ஃபில்டர் அடைபடும். கடைசியாக, கவிழ்த்தாலும் வழியாத நிலை. ஓட்டுநரைப் பொறுத்தவரை நடுவில் உள்ளதுதான் முக்கியம். அதை ஆய்வகத்தில் அளக்கும் விதம் எளிமையானது: கொஞ்சம் டீசலை எடுத்துக் குளிர்வித்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு டிகிரி இறங்கியதும், 45 மைக்ரான் கண்ணுள்ள வலை வழியே 20 மில்லிலிட்டரை உறிஞ்சிப் பார்ப்பார்கள். 60 விநாடிக்குள் அவ்வளவும் ஏறிவிட்டால் தேர்ச்சி. எந்த டிகிரியில் நேரம் போதவில்லையோ, அந்த வெப்பநிலையைக் குறித்துக்கொள்வார்கள்.

அடைப்புக்குக் காரணம் மெழுகின் அளவைவிட அதன் வடிவம். எடையில் ஓரிரு சதவீதம் வெளியே வந்தாலே போதும். அது தட்டையான மெல்லிய தகடுகளாக வளர்கிறது. மழைநீர் வடியும் வலையில் நாலு அரச இலைகள் படிந்தால் என்ன ஆகுமோ, அதுவே ஃபில்டரிலும் நடக்கிறது. குளிர்காலத்தில் சில வண்டிகள் ஒழுங்காகக் கிளம்பி, சிறிது தூரம் போய் நின்றுவிடுவது இதனால்தான். குழாயில் ஏற்கெனவே இருந்த டீசல் எஞ்சினைக் கிளப்பிவிடும். டாங்க்கிலிருந்து வரும் மெழுகு கொஞ்சம் கொஞ்சமாக ஃபில்டரை மூடும்.

பழைய வைத்தியம் மண்ணெண்ணெய் கலப்பது. அது மெழுகைக் கரைத்து வைக்கும், உறைவது தள்ளிப்போகும். ஆனால் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் குறைகிறது, வழவழப்பும் குறைகிறது. உயர் அழுத்தப் பம்ப்புக்கு டீசலேதான் மசகு என்பதால் இன்றைய எஞ்சின்களில் இந்தப் பழக்கம் ஆபத்தானது.

இரண்டாவது வழி சாமர்த்தியமானது. செருப்பின் அடிப்பகுதி செய்யப் பயன்படும் எத்திலீன் வினைல் அசிட்டேட் என்ற பாலிமரின் வேறொரு வகையை, ஒரு டன் டீசலுக்குச் சில நூறு கிராம் என்ற கணக்கில் சேர்ப்பார்கள். அந்த மூலக்கூறின் எத்திலீன் பகுதி பாரஃபினைப் போலவே இருப்பதால் படிகம் அதை உறவென்று நம்பி உள்ளே சேர்த்துக்கொள்ளும். அசிட்டேட் பகுதியோ வரிசையில் பொருந்தாமல் முழங்கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அதன்மேல் அடுத்த அடுக்கு ஒழுங்காக உட்கார முடியாது. பெரிய தகடுகளாக வளர வேண்டியது பொடிப்பொடியான ஊசிகளாக நின்றுவிடும். அவை ஃபில்டரில் படிந்தாலும் இடுக்குகள் வழியே டீசல் கசிந்து போகும். மெழுகு குறையவில்லை, வடிவம்தான் மாறியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். டீசல் கலங்கும் முன்பே இதைச் சேர்த்தாக வேண்டும். தகடுகள் வளர்ந்தபின் பாட்டில் பாட்டிலாக ஊற்றினாலும் காசுதான் வீண்.

மூன்றாவது வழி சுத்திகரிப்பு ஆலையின் வேலை. நுண்துளைகள் கொண்ட வினையூக்கி வழியே ஹைட்ரஜனோடு டீசலைச் செலுத்தினால், நேர்ச்சங்கிலிகள் உள்ளே நுழைந்து கிளை முளைத்து வெளியே வரும். கிளையுள்ள சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளாது, லேசில் உறையாது. ஆனால் பற்றும் குணமும் இறங்கிவிடும். சீட்டேனில் உள்ள அதே அணுக்களைக் கிளைகள் நிறைந்த வடிவில் அடுக்கினால் கிடைக்கும் ஐசோசீட்டேனுக்கு 100-க்கு 15 மதிப்பெண்தான். கிளை எவ்வளவு முளைக்கலாம் என்பது குளிருக்கும் எஞ்சினுக்கும் இடையே நடக்கும் பேரம்.

2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்று ஒரு குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரான அது மைனஸ் 33 டிகிரி வரை பாயும் என்று அறிவிக்கப்பட்டது. மற்ற இடங்களுக்கான இந்திய டீசல் தரத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை விற்பதில் ஃபில்டர் அடைபடும் வெப்பநிலை 6 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி. கோடையில் 18 டிகிரி வரை சலுகை உண்டு. சமவெளிக்கு அது தாராளமாகப் போதும்.

சிக்கல் மலையேறும் லாரிக்குத்தான். கீழே ஏதோ ஒரு பங்க்கில் டாங்க்கை நிரப்பிக்கொண்டு வந்து, லே ஊரில் இரவு நிறுத்திவிட்டு, விடிந்தபின் குளிர்கால டீசலைத் தேடிப் பயனில்லை. கீழிருந்து வந்தது ஃபில்டரிலும் குழாயிலும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். டாங்க் காலியாகும் பதத்தில் மேலே வந்து, அங்கே நிரப்பி, எஞ்சின் சூடாக இருக்கும்போதே கொஞ்ச தூரம் ஓட்டிப் புதிய டீசலைக் குழாய்வரை இழுத்துவிட்டு, அப்புறம்தான் வண்டியை அணைக்க வேண்டும்.