கார்பைடைக் கட்டிவைக்கும் உலோகம்: கோபால்ட்டின் இடத்தில் எது நிற்கும்?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கான்கிரீட் சுவரில் அலமாரி மாட்டத் துளையிடும் டிரில் பிட்டின் நுனியிலும், துவாஸ், உட்லண்ட்ஸ் பட்டறைகளில் எஃகைச் சீவித் தள்ளும் லேத் இன்செர்ட் என்ற சிறு வெட்டுமுனையிலும், பாறையைக் குடையும் துளைப்பான்களின் பற்களிலும் இருப்பது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பொருள். அதைச் சுருக்கமாகக் கார்பைடு என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது இரண்டு பொருள்களின் கூட்டு: கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய டங்ஸ்டன் கார்பைடுத் துகள்களும், அவற்றைக் கட்டிப்பிடித்திருக்கும் ஓர் உலோகமும். ஓர் இன்செர்ட்டின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனால் அது ஒட்டிக்கொள்ளும். டங்ஸ்டன் கார்பைடைக் காந்தம் இழுப்பதில்லை. இழுபடுவது உள்ளே இருக்கும் கோபால்ட். பெரும்பாலான வெட்டுக் கருவிகளில் எடைக் கணக்கில் 6 முதல் 12 விழுக்காடு வரை மட்டுமே உள்ள இந்த உலோகத்தின் இடத்தில் வேறொன்றை வைக்க முடியுமா என்பது பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் விடாமல் கேட்டுவரும் கேள்வி.

டங்ஸ்டன் கார்பைடு மட்டும் தனியே இருந்தால் மிகக் கடினமாக இருக்கும், ஆனால் ஓர் அடியில் தெறித்துவிடும். அது உருகுவதற்கு ஏறத்தாழ 2,800 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பதால் உருக்கி வார்ப்பதும் நடைமுறைக்கு ஒத்துவராது. 1923இல் ஜெர்மனியில் கார்ல் ஷ்ரோட்டர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இந்த இரண்டு சிக்கலையும் ஒன்றாகத் தீர்த்தது. கார்பைடுத் தூளையும் கோபால்ட் தூளையும் சேர்த்து அரைத்து, அச்சில் அழுத்தி, உலையில் ஏறத்தாழ 1,400 டிகிரியில் வைக்க வேண்டும். கோபால்ட்டின் உருகுநிலை 1,495 டிகிரி என்றாலும், டங்ஸ்டனும் கரிமமும் அதில் கரையத் தொடங்கியதும் 1,300 டிகிரியை ஒட்டியே அது உருகிவிடுகிறது. உருகிய உலோகம் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றால் வேலைக்கு ஆகாது. கோபால்ட்டோ கார்பைடின் மேல் முழுவதுமாகப் பரவி, துகள்களுக்கு இடையிலுள்ள இண்டு இடுக்குகளுக்குள் தானாகவே இழுக்கப்படுகிறது. அந்த இழுப்பில் துகள்கள் நெருங்கி வருவதால், அச்சிலிருந்து வந்த துண்டு உலையிலிருந்து வெளியே வரும்போது கொள்ளளவில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியிருக்கும். உள்ளே காற்றுத் துளைகள் கிட்டத்தட்ட இருக்காது.

உறைந்த பிறகும் கோபால்ட்டின் வேலை முடிவதில்லை. அறை வெப்பநிலையில் அறுகோண அடுக்கமைப்பை விரும்பும் இவ்வுலோகம், டங்ஸ்டனும் கரிமமும் கரைந்திருப்பதால், உயர் வெப்பநிலைக்குரிய கனசதுர அமைப்பிலேயே தங்கிவிடுகிறது. விரிசல் ஒன்று நெருங்கும்போது அந்த இடத்தில் மட்டும் அமைப்பு மாறி, இறுகி, விரிசலின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது. நன்றாகப் பரவுதல், சூடாக இருக்கும்போது கார்பைடை அதிகம் கரைத்துக் குளிரும்போது திருப்பித் தருதல், அடி வாங்கும்போது இறுகுதல் என்ற குணங்கள் தனித்தனியே வேறு உலோகங்களிலும் உண்டு. எல்லாம் ஒருங்கே அமைந்ததுதான் கோபால்ட்டின் வலிமை.

பிறகு ஏன் அதை விட்டு விலக வேண்டும்? பொதுவாக முதலில் சொல்லப்படும் காரணம் வரத்து. உலகச் சுரங்கக் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கொங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. 1978இல் அங்குள்ள ஷாபா மாநிலத்தில் மூண்ட சண்டை விலையைத் தாறுமாறாக ஏற்றியது. 2025 பிப்ரவரியில் அந்நாடு ஏற்றுமதியையே சில மாதங்களுக்கு நிறுத்தி வைத்தது. எனினும், என் பார்வையில் இதைவிட முன்னால் வைக்க வேண்டிய காரணம் தொழிலாளியின் நுரையீரல். கார்பைடும் கோபால்ட்டும் கலந்த தூள், கோபால்ட் தூள் மட்டும் செய்வதைவிட அதிகத் தீங்கு செய்கிறது. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும்போது கோபால்ட் எளிதில் எலெக்ட்ரான்களை இழந்து, செல்களைத் தாக்கும் ஆக்சிஜன் வகைகள் உருவாக வழிசெய்கிறது. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இக்கலவையை 2006இல் மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. முழுமையாகத் தயாரான இன்செர்ட்டைக் கையில் எடுப்பதால் இந்த ஆபத்து வருவதில்லை. தூளைக் கையாளும் இடத்திலும், மழுங்கிய கருவியைக் கிரைண்டிங் சக்கரத்தில் தீட்டும் இடத்திலும்தான் வருகிறது. அங்கே சூட்டைத் தணிக்க ஓடும் கூலண்ட் திரவம் கோபால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. மாற்றாமல் பழைய திரவத்தையே சுழற்றிக்கொண்டிருந்தால், சக்கரத்திலிருந்து எழும் நுண்ணிய சாரலோடு அதுவும் மூச்சில் போகும்.

மாற்றாக முதலில் நினைவுக்கு வருவது நிக்கல். அதுவும் கார்பைடின் மேல் நன்றாகப் பரவும். அரிப்பைக் கோபால்ட்டைவிட நன்றாகத் தாங்கும். குரோமியம் சேர்த்தால் இன்னும் நன்றாகத் தாங்கும். அதனால் கடல்நீரையும் இரசாயனங்களையும் தள்ளும் பம்புகளில், ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டு கசிவைத் தடுக்கும் சீல் வளையங்களுக்கு நிக்கல் கட்டிய கார்பைடு நெடுங்காலமாகப் பயன்படுகிறது. கடைகளில் டங்ஸ்டன் மோதிரம் என்று விற்கப்படுபவற்றிலும் நிக்கல் உண்டு. வியர்வை பட்டுக் கோபால்ட் நிறம் மங்கிவிடுவதே காரணம். ஆனால் நிக்கல் மென்மையானது, அடி வாங்கும்போது கோபால்ட் அளவுக்கு இறுகாது, ஆகவே கடினமும் வலிமையும் ஒரு படி குறைகின்றன. தவிர, உடல்நலத்துக்காகக் கோபால்ட்டைத் தள்ளிவிட்டு நிக்கலை ஏற்பது முழுத் தீர்வாகாது: நிக்கல் சேர்மங்கள் புற்றுநோய் உண்டாக்குபவை என்பது உறுதிசெய்யப்பட்ட ஒன்று.

ஆகவே என் நம்பிக்கை இரும்பின் மேல்தான். அது மலிவானது, எங்கும் கிடைப்பது, நச்சுத்தன்மை குறைந்தது. இத்தனை நல்ல குணங்கள் இருந்தும் அது நூறு ஆண்டுகளாகப் பின்வரிசையில் நிற்பதற்குப் பெருங்காரணம் கரிமம். டங்ஸ்டன் கார்பைடின் எடையில் கரிமம் 6.13 விழுக்காடு. கலவையில் அது சற்றே குறைந்தாலும் டங்ஸ்டனும் பிணைப்பு உலோகமும் சேர்ந்து ஈட்டா என்ற நொறுங்கும் சேர்மத்தை உருவாக்கிவிடும். சற்றே கூடினால் மிச்சக் கரிமம் கிராஃபைட்டாகப் பிரிந்து, விரிசல் தொடங்க இடம் கொடுக்கும். கோபால்ட்டைப் பயன்படுத்தும்போது இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள பாதுகாப்பான இடைவெளி ஒரு விழுக்காட்டின் சிறு பின்னமே என்றாலும், தொழிற்சாலை உலையால் அதற்குள் நிற்க முடிகிறது. இரும்பிலோ அந்த இடைவெளி மேலும் ஒடுங்கிவிடுவதோடு இடமும் பெயர்கிறது: சரியான அளவு கரிமம் கொண்ட தூளை எடுத்தாலே ஈட்டா தோன்றிவிடும் என்பதால், கூடுதல் கரிமத்தைத் திட்டமிட்டுச் சேர்க்க வேண்டும். தூளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் சூடேறும்போது கரிமத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடுவதால், எவ்வளவு சேர்ப்பது என்பதே ஒவ்வொரு தூளுக்கும் தனிக் கணக்காகிவிடுகிறது.

இதற்கு ஒரு வழி, இரும்போடு நிக்கலைக் கலப்பது. நிக்கல் அந்த இடைவெளியை எதிர்ப்பக்கமாக நகர்த்துவதால், இரண்டையும் தகுந்த விகிதத்தில் கலந்தால் பாதுகாப்பான எல்லை பழைய இடத்துக்கே திரும்புகிறது. இக்கலவைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இரும்பு மிகுந்த விகிதங்களில், சூடான எஃகைத் தண்ணீரில் தோய்த்துக் கடினமாக்கும்போது தோன்றும் மார்ட்டென்சைட் என்ற அமைப்பு, விரிசல் நெருங்கும் இடத்தில் தோன்றி அதை மட்டுப்படுத்துகிறது. மாங்கனீசைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு வேறு தொல்லை: வெற்றிட உலையில் அது ஆவியாகிப் போய்விடுகிறது. இரும்பும் அலுமினியமும் சேர்ந்த இரும்பு அலுமினைடு போன்ற சேர்மங்களில், தூளின் மேல் படியும் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) உறை உலோகத்தைப் பரவவிடாமல் தடுக்கிறது.

பலரும் கவனிக்காமல் விடும் ஒரு தடை தரச் சோதனையில் இருக்கிறது. கோபால்ட்டில் எவ்வளவு டங்ஸ்டன் கரைந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் காந்தச் செறிவு, அதாவது அது எட்டக்கூடிய உச்சக் காந்த வலு, குறையும். கரிமம் குறைவாக இருந்தால் டங்ஸ்டன் அதிகமாகக் கரையும். எனவே துண்டை உடைக்காமல், காந்தத்தை அளந்தே கரிமம் சரியாக உள்ளதா என்று சில நொடிகளில் சொல்லிவிடலாம். உலகெங்கும் கார்பைடு ஆலைகள் இந்த அளவை நம்பித்தான் ஓடுகின்றன. டங்ஸ்டன் கரைந்த நிக்கல் அறை வெப்பநிலையில் பெரும்பாலும் காந்தத்தால் இழுக்கப்படுவதில்லை என்பதால் அங்கே இச்சோதனை கைகொடுக்காது. இரும்பு–நிக்கலில் காந்தம் உண்டு. ஆனால் எந்த அமைப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து அளவு மாறுவதால், எண்ணைப் பார்த்தவுடன் கரிமத்தைச் சொல்ல முடிவதில்லை. உலோகத்தை மாற்றுகிறவர் அளக்கும் முறையையும் புதிதாக அமைக்க வேண்டியிருக்கிறது.

எல்லாக் கருவிகளிலும் ஒரே நேரத்தில் மாற்றம் வராது. மரம் அறுக்கும் பற்கள், அச்சுகள், தேய்மானத்தைத் தாங்கும் பாகங்கள் ஆகியவை அதிகம் சூடாவதில்லை. இரும்பு–நிக்கல் முதலில் வேரூன்றக்கூடிய இடங்கள் இவை. எஃகை வேகமாகச் சீவும் இன்செர்ட்டின் விளிம்போ 800 டிகிரியையும் தாண்டும். அந்தச் சூட்டில் மார்ட்டென்சைட் தளர்ந்துவிடும். ஏறத்தாழ 1,000 டிகிரியில் இன்செர்ட்டின் மேல் கடினமான மெல்லிய ஆவிநிலைப் பூச்சு பூசும்போது அடிப்பொருளிலிருந்து கரிமம் வெளியேறி, குறுகிய எல்லைக்குள் நிற்கும் இரும்புக் கலவையில் மீண்டும் ஈட்டா தலைகாட்டும். குறைந்த சூட்டில் பூசும் முறைகள் இரண்டாவது சிக்கலைத் தவிர்க்கின்றன. முதலாவதற்கு, கோபால்ட்டின் பங்கை முழுவதுமாக நீக்காமல் இரும்பு–நிக்கல்–கோபால்ட் என மூன்றையும் கலந்து அதன் அளவைக் குறைப்பதே இப்போதைக்கு நடைமுறைக்கு ஏற்ற வழியாக இருக்கிறது.