அழித்த ஃபைல் ஏன் இன்னும் இடத்தை அடைக்கிறது?

"சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. 40 ஜிபி லாக் ஃபைலை அழித்தேன். ஒரு எம்பிகூடக் காலியாகவில்லை. ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது. எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

லினக்ஸில் ஃபைல் வேறு, அதன் பெயர் வேறு. பெயர் என்பது ஃபோல்டரில் இருக்கும் ஒரு வரி. உரிமையாளர் யார், யாருக்கு அனுமதி, டேட்டா டிஸ்கில் எங்கே என்பதெல்லாம் ஐநோட் என்ற தனிப் பதிவில் இருக்கிறது. ஃபைலை அழிக்கும் ஆர்எம் கட்டளை பெயரை மட்டும்தான் எடுக்கிறது. அதற்காக ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் வைக்கும் கோரிக்கையின், அதாவது சிஸ்டம் காலின், பெயரே 'அன்லிங்க்'தான்!

சரி, ஃபைல் எப்போது உண்மையில் சாகும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ரோகிராம், 'ஓப்பன்' என்று கேட்டதும் கெர்னல் அனுமதியைச் சோதிக்கிறது. அனுமதி இருந்தால் 3, 4 என்று ஒரு சின்ன எண்ணைக் கொடுக்கிறது. அதுதான் ஃபைல் டிஸ்க்ரிப்டர். அந்த எண்ணைக் காட்டிப் படிக்கும்போது ஃபைலின் அனுமதி பிட்களைக் கெர்னல் மறுபடி பார்ப்பதில்லை. இடையில் அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையைப் போட்டு எல்லா அனுமதியையும் பிடுங்கினாலும், ஏற்கெனவே திறந்தவர் படித்துக்கொண்டே இருப்பார். அதே எண்தான் ஃபைலின் உயிரையும் பிடித்து வைத்திருக்கிறது. பெயர்களின் எண்ணிக்கை, திறந்து வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை இரண்டும் பூஜ்யமானால்தான் இடம் விடுபடும்.

நீங்களே பார்க்கலாம். ஒரு டெர்மினலில் டெயில் மைனஸ் எஃப் போட்டு ஒரு ஃபைலைத் திறந்து வையுங்கள். இன்னொன்றில் அதை அழித்துவிட்டு, ப்ராக் ஃபோல்டரில் அந்த ப்ராசஸின் எஃப்டி (ஃபைல் டிஸ்க்ரிப்டர்) பட்டியலைப் பாருங்கள். ஃபைலின் பழைய பெயரும், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'டெலீட்டட்' என்ற சொல்லும் தெரியும். அங்கிருந்தே காப்பி செய்து அழித்ததை மீட்டுவிடலாம்! கல்லூரி ஓஎஸ் பாடத்தில் இந்த ஐந்து நிமிடச் சோதனையைக் கட்டாயம் செய்து காட்ட வேண்டும். செய்து பார்த்தவர்கள் ரீஸ்டார்ட்டை மந்திரம்போல நம்ப மாட்டார்கள். வாசகரின் சர்வரிலும் லாக் எழுதிய சர்வீஸை மட்டும் நிறுத்தித் தொடங்கியிருந்தால் போதும்; பிடி விட்டிருக்கும்.

ஃபைலுக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு ப்ராசஸுக்கு வெகுகாலம் கிடைக்கவில்லை. ப்ராசஸின் அடையாள எண்ணான பிஐடி என்பது வெறும் எண், யாருடைய உயிரையும் அது பிடித்து வைப்பதில்லை. ப்ராசஸ் முடிந்து, பெற்றோர் ப்ராசஸ் அதன் கணக்கை முடித்ததும் எண் பொதுவுக்குத் திரும்பிவிடும். பழைய வழக்கப்படி 32768-ஐ எட்டியதும் கெர்னல் கீழிருந்து மறுபடி கொடுக்கத் தொடங்கும். அதனால் 4321-க்கு என்று நீங்கள் அனுப்பும் கில் சிக்னல், அதே எண்ணை இப்போது வாங்கியிருக்கும் அப்பாவி ப்ராசஸைக் கொன்றுவிடலாம். 2019-இல் லினக்ஸ் 5.1, 5.3 பதிப்புகளில் வந்த பிஐடிஎஃப்டி இதைச் சரிசெய்தது. ப்ராசஸுக்கும் ஒரு டிஸ்க்ரிப்டர். அதை வைத்து சிக்னல் அனுப்பினால், ஒன்று நீங்கள் நினைத்த அதே ப்ராசஸுக்குப் போகும், இல்லையென்றால் 'அப்படி ஒரு ப்ராசஸ் இல்லை' என்று பிழை திரும்பும்.