பூரிம் ஷ்பில்: சொல் விளக்கம்

யூதர்களின் பூரிம் பண்டிகைக்கு ஊர்க்காரர்களே வேடம் கட்டி நடத்தும் கேலி நாடகத்துக்குப் பூரிம் ஷ்பில் என்று பெயர். இன்று அமெரிக்க ஜெப ஆலயங்கள் பலவற்றில் இது முழுநீளப் பாட்டு நாடகமாகவே வளர்ந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு, எஸ்தர் கதைக்கு ஏற்ற வரிகளை எழுதிப் பாடுவார்கள். நடிப்பவர்களில் யாருக்கும் நடிப்பு தொழில் இல்லை. சுருதி தப்பினால் கைத்தட்டல் கூடத்தான் செய்யும்.

முதல் பாதியான 'பூரிம்' தமிழ் பைபிள் படித்தவர்களுக்குப் புதிதல்ல. பாரசீக அரசன் அகாஸ்வேருவின் மந்திரி ஆமான், யூதர்களை அழிக்க நாள் குறிக்கிறான். அதற்காகப் 'பூர் என்னப்பட்ட சீட்டு' போடப்பட்டது என்கிறது எஸ்தரின் புத்தகம். பூர் என்றால் சீட்டு. பூரிம் அதன் பன்மை. அரசி எஸ்தரும் அவளை வளர்த்த மொர்தெகாயும் சதியை முறியடித்த வெற்றிதான் பண்டிகை. யூத நாட்காட்டியில் ஆதார் மாதம் 14ஆம் தேதி, நமக்குப் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும்.

'ஷ்பில்' ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழிச் சொல். ஜெர்மானிய 'ஷ்பீல்' இதற்கு உடன்பிறப்பு. சீட்டு விளையாடுவது, பிடில் வாசிப்பது, மேடையில் நடிப்பது எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வேர்தான்.

இந்த நாடகம் 16ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய யூதர்களிடம் இருந்தது. அப்போது மேடையெல்லாம் கிடையாது. பண்டிகை விருந்து நடக்கும் வீட்டுக்குள் வேதப் பள்ளி மாணவர்களும் தொழில் பழகும் பையன்களும் நுழைவார்கள். ஒருவன் வீட்டுக்காரரை வாழ்த்தி, வேடக்காரர்களை அறிமுகம் செய்வான். ஆட்டம் முடிந்ததும் காசு வாங்கிக்கொண்டு அடுத்த வீடு. 'இன்று பூரிம், நாளை முடிஞ்சுது. ஒரு காசு கொடுத்து என்னை வெளியே தள்ளு' என்ற பொருளில் அவர்கள் சொன்ன இத்திஷ் அடிகள் இன்றும் வழக்கில் உள்ளன. 1708இல் பிராங்பர்ட்டில் 'அகாஸ்வேரு ஷ்பில்' அச்சிலேயே வந்துவிட்டது. இந்தப் பழைய நாடகங்களில் மொர்தெகாய் பெரிய மனிதரே அல்ல, பச்சையாகப் பேசும் கோமாளி. வேதத்தில் வருகிறவரையே இப்படிக் கிண்டலடிக்க அன்றைக்கு மட்டும் அனுமதி! ஆண் பெண்ணுடை உடுத்தக் கூடாது என்கிறது வேதத்தின் உபாகமப் புத்தகம். ஆனால் போலந்தின் கிராக்கோ நகரில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மோசஸ் இஸ்ஸெர்லெஸ், பூரிமில் மகிழ்ச்சிக்காக அப்படி உடுத்துவதில் தவறில்லை என்று எழுதிவைத்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வேரை மட்டும் பார்த்தால் 'ஆட்டம்' கச்சிதம். கரகாட்டம், பொம்மலாட்டம் என்று கலைக்கும் அதுதான், கபடி ஆட்டம் என்று விளையாட்டுக்கும் அதுதான். ஆனால் இரண்டு பாதிகளையும் அப்படியே மொழிபெயர்த்தால் 'சீட்டாட்டம்' என்று வந்து நிற்கும். போலீஸ் வந்துவிடும்! 'நாடகம்' தவறில்லை, ஆனால் சற்று விறைப்பு. 'கேலிக்கூத்து' அகராதிப்படி மிகவும் பொருத்தம். ஆனால் 'சட்டத்தைக் கேலிக்கூத்தாக்கிவிட்டார்கள்' என்று அரசியல் அறிக்கைகள் அதை வசைச்சொல்லாகவே ஆக்கிவிட்டன.

என் ஓட்டு 'பூரிம் கூத்து' என்பதற்கு. பாட்டும் ஆட்டமும் கூத்தில் உண்டு. வேடக்காரர்களை அறிமுகம் செய்து நடுநடுவே நையாண்டி பண்ணக் கட்டியங்காரன் உண்டு. ஆண்கள் பெண் வேடம் கட்டும் வழக்கமும் உண்டு. 'இதென்ன கூத்து' என்று நாம் சிரிக்கும்போது வருகிற அந்தக் களேபரமும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பூரிமில் களேபரத்துக்குக் குறைவே இல்லை. எஸ்தர் சுருளை வாசிக்கையில் ஆமான் பெயர் வந்தால் போதும், சுழற்றினால் கடகடக்கும் மரக்கருவியை ஆட்டி, காலால் தரையை உதைத்து, பெயரே கேட்காதபடி சத்தம் போடுவார்கள். சத்தம் அடங்கும்வரை வாசிப்பவர் காத்திருக்க வேண்டும். கூத்திலும் இந்தத் தொல்லை தொடரும் என்பதால், வசனம் எழுதுகிறவர் ஆமான் பெயருக்கு அடுத்த சொல்லில் நல்ல நகைச்சுவையை வைக்காமல் இருப்பது நல்லது.

எழுத்துக்கூட்டலில் ஒரு விஷயம்: பழைய தமிழ் பைபிளில் 'பூரீம்' என்று நெடிலாக இருக்கும். இரண்டில் எதை எழுதினாலும் சரிதான். கட்டுரையில் முதல் இடத்தில் 'பூரிம் ஷ்பில் எனப்படும் பூரிம் கூத்து' என்று எழுதிவிட்டு, அப்புறம் வெறும் 'கூத்து' என்றே தொடரலாம்.