திரையில் சிவப்பு யாருக்கு?

படைத்துறைக் கணினித் திரைகளின் வடிவமைப்பைச் சோதிப்பது என் வேலை. புதிய வரைவு கைக்கு வந்ததும் அதன் நிறம் முழுவதையும் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் பார்ப்பேன். எதிரி யார், நம்மவர் யார் என்று அப்போதும் தெரிந்தால்தான் அடுத்த கட்டம்.

படை வரைபடங்களுக்கான நேட்டோவின் ஏ.பி.பி.-6 குறியீட்டு முறை இதை உணர்ந்தே உருவானது. தரைப்படைக் குறிகளில் நம்மவருக்கு நீலச் செவ்வகம். எதிரிக்குச் சிவப்புச் சாய்சதுரம். நடுநிலையாளருக்குப் பச்சைச் சதுரம். இன்னார் எனத் தெரியாதவருக்கு மஞ்சளில் நான்கிதழ்ப் பூ. நிறம் கைவிட்டாலும் வடிவம் கைகொடுக்கும்.

நிறம் கைவிடவே செய்கிறது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறை உண்டு. கண் பரிசோதனை செய்துதானே ஆள் எடுக்கிறோம் என்பார்கள். நல்ல கண்ணுக்கும் ஏற்ற வெளிச்சம் வேண்டுமே! இருட்டுக்குப் பழகிய கண் கெடாதிருக்கக் கப்பல்களில் இரவில் சிவப்பு விளக்கு போடும் வழக்கம் உண்டு. அந்த வெளிச்சத்தில், வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்தவை வெள்ளைத் தாளோடு கலந்து மறைந்துவிடும். விமானத்திலோ, இரவுப் பார்வைக் கருவி சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் மிகக் கூர்மையானது. வடிகட்டாத ஒரு சிவப்பு விளக்கே காட்சியைக் கூசவைத்துவிடும். கறுப்புப் பின்னணியில் நீல நிறத்தில் பொடி எழுத்தையும் நான் அனுமதிப்பதில்லை. விழித்திரையின் நட்டநடுவில் நீலத்தை உணரும் செல்கள் இல்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. வரைபடத்தில் சிவப்பு என்றால் எதிரி. அமெரிக்கப் படையின் கருவி வடிவமைப்புக்கான 1472 என்ற எண்ணுள்ள தரநிலைப்படி, கருவிப் பலகையில் சிவப்பு என்றால் பழுது. பச்சையும் அப்படியே: அங்கே நடுநிலை, இங்கே எல்லாம் சரி. இரண்டும் ஒரே திரையில் சேரும்போதுதான் ஆபத்து.

ஆளில்லா விமானத்தின் கட்டுப்பாட்டுத் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. உடனே வரைபடத்தில் அந்த விமானத்தின் நீலக் குறியைச் சிவப்பாக்குகிறார் வடிவமைப்பாளர். நல்லெண்ணம்தான். ஆனால் பக்கத்து இருக்கையில், பத்து மணி நேரமாகத் திரையையே பார்த்துக் களைத்தவர் கண்ணுக்கு, நம் விமானம் நின்ற இடத்தில் எதிரி முளைத்திருக்கிறான். வடிவத்தைக் கவனித்துத் தெளிவதற்குள் சில விநாடிகள் போய்விடும். அந்த விநாடிகளில் யாரோ ஒருவரின் உயிர் இருக்கலாம்.

குறி நீலமாகவே இருக்கட்டும். பழுதைத் திரையின் ஓரத்துப் பட்டியில் சொல்லாகவே எழுதுங்கள். கூடவே ஓர் ஒலியும் எழட்டும். வரைபடத்துக்குள் சிவப்பு எதிரிக்கு மட்டுமே என்பதை வேலை தொடங்கும் நாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மென்பொருள் முடிந்தபிறகு கேட்டால் அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றுதான் பதில் வரும்.